பூட்டைப் பரீட்சித்தவர் யார்?

ஒரு மனிதனுடைய முகம், கருவிழி, கைரேகை ஆகிய மூன்றையும் பதிந்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாக ஓர் இலக்கத்தை அவன் கையிலே கொடுக்க விழையும் அரசாங்கம், அம்மூன்றையும் எந்தக் குறியாக்க நிரலைக்கொண்டு காக்கப்போகிறது, அந்த நிரலை வரிவரியாக வாசித்துப் பரீட்சித்தவர் யார் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் பகிரங்கமாக விடையளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தைப் பொறுத்தவரை, அவ்விடை நாடு தழுவிய பதிவுக்கு முன்னரே மக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

இத்திட்டத்துக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச் மாதத்தில் இந்தியாவுடன் கைச்சாத்தாயிற்று. 2023 ஆகஸ்டில், இந்தியா இதற்கென வழங்கும் மானியத் தொகையின் 15 சதவீதமாகிய 45 கோடி இந்திய ரூபா முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் தொடக்கம் பெற்று, பிலிப்பைன்ஸ், மொரோக்கோ, எத்தியோப்பியா முதலிய தேசங்கள் கைக்கொண்டிருக்கும் ‘மொசிப்’ என்ற திறந்த மூல மென்பொருளே திட்டத்துக்கு அடித்தளம். ஒரே கம்பனியின் தயவில் தேசத்தின் குடிப்பதிவேட்டை ஒப்படைக்காமல், எவரும் எடுத்து வாசிக்கக்கூடிய நிரலைத் தெரிந்தெடுத்தது விவேகமான தீர்மானம். அதை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்.

ஆனால் ‘திறந்த மூலம்’ என்ற அடைமொழியோடு கவலை தீர்ந்துவிட்டதென்று எவரேனும் கருதுவாராயின், அவர் உரிமத்தைச் சரிவர வாசிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். மொசிப் வெளியாகியிருப்பது மொசில்லா பொது உரிமம் 2.0இன் கீழ். அந்த நிரல் கோப்புகளைத் திருத்தி வேறொருவருக்கு விநியோகிப்பவர், திருத்திய கோப்புகளின் மூலத்தையும் வெளியிட வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நிபந்தனை. விநியோகிக்காமல் தம்முடைய கணினிகளிலேயே இயக்கிக்கொள்பவருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. ஆகவே, பெங்களூரில் எழுதப்பட்ட நிரல் உலகறியக் கிடக்க, கொழும்பிலே நமது தேவைக்கென மாற்றியமைக்கப்படும் நிரல் எவர் கண்ணிலும் படாமல் ஓர் அறைக்குள்ளே இயங்கலாம்; உரிமத்தில் ஓர் எழுத்துக்கூட மீறப்பட்டிராது.

உள்ளூர்த் திருத்தத்தில் அப்படி என்ன அபாயம் என்று கேட்பவருக்கு ‘டெபியன்’ என்ற திறந்த மூல இயங்குதளத்தின் சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். இணையத்தின் பெரும்பகுதிக்குக் காவலாக நிற்கும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற குறியாக்க நிரல் நூலகத்தை டெபியன் குழுவினர் தமது இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டபோது, பரிசோதனைக் கருவியொன்று எழுப்பிய எச்சரிக்கையை நீக்கும் நல்லெண்ணத்தோடு, 2006இல் அதன் இரண்டு வரிகளைச் செயலற்றவையாக்கினர். இரகசியச் சாவிகளை எவரும் ஊகிக்க இயலாதபடி கலைத்துப்போடும் வேலை அவ்வரிகளைச் சார்ந்திருந்தது. விளைவாக, எண்ணித் தீராத சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 சாவிகளே பிறக்கலாயின. அத்தனையையும் ஒரு சாதாரணக் கணினியிலேயே முன்கூட்டிச் செய்து அடுக்கிவிடலாம். அந்த நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. ஆயினும் 2008 மே மாதம்வரை எவரும் அதைக் கண்டறிந்து கூறவில்லை.

மூலநூலகமே பிழைபட்ட கதையும் உண்டு. இணைப்பு உயிரோடிருக்கிறதா என்றறிய ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு செய்தி அனுப்பி, ‘இதன் நீளம் இவ்வளவு, இதையே திருப்பி அனுப்பு’ என்று கேட்கும் வசதி, 2012இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பில் சேர்க்கப்பட்டது. சொல்லப்பட்ட நீளம் மெய்தானா என்று சரிபார்க்கும் நிபந்தனை அதிலே விடுபட்டுப்போயிற்று. சிறு சொல்லை அனுப்பிவிட்டு நீளத்தை மிகைப்படுத்திச் சொன்னவனுக்கு, கணினியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரையிலான அந்தரங்கம் அள்ளிக் கொடுக்கப்பட்டது. எழுதியவரைத் தவிர இன்னொருவரும் பரிசீலித்த பின்னரே அந்நிரல் ஏற்கப்பட்டது என்பதையும், அதைப் பராமரித்தோருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 டொலர் அளவே நன்கொடையாகக் கிடைத்துவந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். ‘ஹார்ட்பிளீட்’ எனப்பட்ட இக்குறை 2014 ஏப்ரல் 7ஆம் திகதி பகிரங்கமானது. சில தினங்களுக்குள் கனடாவின் வருமான வரித் திணைக்களத்திலிருந்து 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவுபோயின. உரிமம் வழங்குவது வாசிக்கும் அதிகாரம் மாத்திரமே. வாசிப்பதற்கு ஆளும் அவகாசமும் ஊதியமும் வேறோரிடத்திலிருந்து வர வேண்டும்.

மலைநாட்டில் இருந்துகொண்டு இதை நாம் எழுதுவதற்கு விசேஷக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை பத்திரங்களுக்காகக் காத்திருந்த சமூகம் இது. இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாயாரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் ஒருவிதமாகவும், தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது விதமாகவும் இருக்கக் காணலாம். அதைத் திருத்துவதற்கு அவர் ஒருநாட் சம்பளத்தை இழந்து, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி பெற்று, வலப்பனைப் பிரதேச செயலகத்துக்கு நடக்கிறார். எனினும் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரிகிறது; விரலை வைத்துக் காட்டி வாதாட முடிகிறது. நிரலுக்குள் ஒளிந்திருக்கும் பிழையால் அவருடைய கைரேகை அந்நியர் கைக்குப் போகுமாயின், அதை நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. கைரேகையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. இத்தகைய மக்களின் பெயரால் அரசாங்கம் எவ்வளவு எச்சரிக்கை காட்டினாலும் அது மிகையாகாது.

நிரலை வெளியிட்டால் திருடருக்கு வழிகாட்டியதாகாதா என்ற ஆட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு 1883ஆம் ஆண்டிலேயே ஒகுஸ்த் கெர்க்கோஃப்ஸ் என்ற அறிஞர் விடை கூறிவிட்டார்: பூட்டின் அமைப்பு பகைவன் கையில் கிடைத்தாலும் சாவி ஒன்று மறைவாயிருந்தால் போதும் என்னும்படி பூட்டுச் செய்யப்பட வேண்டும். மறைத்துவைப்பதே காவலாகிவிடாது என்பதற்கு நமது நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. அரசாங்கக் கணினித் தொகுதி 2023 ஆகஸ்டில் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் அழிந்தனவே, அங்கே இயங்கிக்கொண்டிருந்தது எவரும் வாசிக்க முடியாத மூடிய மென்பொருளின் காலாவதியான பதிப்புத்தான்.

வாசிக்கத்தக்கவர் இங்கு இல்லையென்பதும் பொருந்தாது. லங்கா மென்பொருள் மன்றம் 2003இல் தோன்றியது முதல் திறந்த மூல உலகுக்கு இலங்கையர் அளித்திருப்பது அற்பமன்று. ஆழிப்பேரலை அனர்த்தத்தின்போது இங்கு பிறந்த ‘சஹானா’ என்ற மென்பொருள் பிற தேசங்களுக்கும் பயன்பட்டது. பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்கள் நமக்கு எட்டாத தூரத்திலா இருக்கின்றன?

ஆகவே டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்கு நாம் வற்புறுத்துவது இது. இலங்கைக்கென எழுதப்படும் நிரலையும் அதே திறந்த உரிமத்தின் கீழ் வெளியிடுவதாக ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆகாது. ஓப்பன்எஸ்எஸ்எல் தனது பழைய உரிமத்தைக் கைவிட்டு அப்பாச்சி உரிமத்துக்கு மாற முயன்றபோது, நிரல் எழுதியவர்களைத் தேடித்தேடிச் சம்மதம் பெற்று 2021இல் மூன்றாம் பதிப்பை வெளியிடுமட்டும் ஆண்டுகள் பல கழிந்தன. குறியாக்கத்தைத் தொடும் ஒவ்வொரு திருத்தமும், அதை எழுதிய கம்பனியைச் சேராத இருவரால் பரிசீலிக்கப்பட வேண்டும். அவர்களுக்கான வேதனம் திட்டச் செலவிலேயே ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் கண்ட குறைகளும் அவை திருத்தப்பட்ட விதமும் தமிழிலும் சிங்களத்திலும் அறிக்கையாக அச்சாகி, பிரதேச செயலகந்தோறும் கிடைக்க வேண்டும். அவ்வறிக்கை வலப்பனைக்கு வந்துசேரும் வரை, கைரேகை கேட்டு எந்த உத்தியோகத்தரும் தோட்டத்து லயங்களுக்கு வரலாகாது.