ஒப்புக்குச் சப்பாணி

அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழும் நேரத்தில் வேதாளையிலோ பெரியபட்டினத்திலோ கடற்கரை மணலில் சற்று நின்று பாருங்கள். கைப்பேசிக்குத் தப்பிய பிள்ளைக் கூட்டம் ஒன்று அங்கே ஓடியாடிக்கொண்டிருக்கும். அதில் பதினான்கு வயதுப் பையனும் இருப்பான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஆறு வயதுத் தம்பியும் இருப்பான். சின்னவனை யாரேனும் தொட்டுவிட்டால், "அவன் ஒப்புக்குச் சப்பாணி, அவனுக்கு அவுட் இல்லை" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆட்டம் தொடரும். வயதும் வலிமையும் ஒவ்வாதவர்களை ஓர் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பிள்ளைகளே வகுத்துக்கொண்ட சட்டம் அது.

அந்தச் சட்டத்தில் பாதி கருணை, பாதி அவமதிப்பு. சின்னவன் ஆட்டத்தில் இருக்கிறான், கணக்கில் இல்லை. அவன் பிடித்தாலும் பிடி அன்று. பிடிபட்டாலும் பிடி அன்று. கால் விளங்காதவனைக் குறிக்கும் சொல்லை எடுத்து, கணக்கில் வராதவனுக்குப் பெயராக வைத்திருக்கிறது நம் மொழி. அதற்காக நாம் வெட்கப்பட வேண்டியது தனிக்கதை. நான் சொல்ல வந்தது வேறு. தெருப்பிள்ளைகள் எட்டிய அந்தப் பாதிக் கருணையைக்கூட, பட்டம் பெற்றவர்கள் நடத்தும் நம் பள்ளிக்கூடங்களின் உடற்கல்வி வகுப்பு இன்னும் எட்டவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அந்த வகுப்பில் நடப்பது யாது? மணி அடிக்கிறது. ஐம்பது பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். பந்து ஒன்று. பள்ளி அணியைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் பந்தோடு திடலின் நடுவே போகிறார்கள். எஞ்சியவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, காலில் தைத்த சீமைக் கருவேல முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பருமனானவன், மெலிந்தவன், மூச்சிரைப்புள்ளவன், பார்வை மங்கியவள், கூச்சமுள்ளவள் இவர்கள் அத்தனை பேருக்கும் உடற்கல்வி என்பது பிறர் விளையாடுவதைப் பார்க்கும் கல்வி. கணக்கு நன்றாக வரும் பத்துப் பேருக்கு மட்டும் பாடம் நடத்திவிட்டு மற்றவர்களை மரத்தடிக்கு அனுப்பும் கணக்காசிரியரை நாம் ஒரு நாளாவது பொறுப்போமா? பெற்றோர் திரண்டு வாசலில் நின்றிருக்க மாட்டார்களா? இங்கே மட்டும் ஏன் இந்தப் பொறுமை?

இளம்பிள்ளை வாதத்தால் இடக்கால் சூம்பிய பிள்ளை நான். இந்தக் கடற்கரையில்தான் படித்தேன். பள்ளியின் பெயர் எதற்கு? ஐந்தாண்டுக் காலம் விளையாட்டு வகுப்பில் என் வேலை, மற்றவர்களின் செருப்புகளுக்கும் சோற்றுத் தூக்குகளுக்கும் காவல் இருப்பது. ஆசிரியர் கெட்டவர் அல்லர். "நீ உட்காரு தம்பி, விழுந்துடப் போறே" என்று அன்போடுதான் சொல்வார். ஆண்டு இறுதியில் என் மதிப்பெண் பட்டியலில் உடற்கல்விக்கு நேராக 'நன்று' என்று எழுதியிருந்தது. காவல் நன்று போலும்! இந்தியா 2014-இல் போலியோ அற்ற நாடு என்று சான்று பெற்றுவிட்டது. என் கால் போன்ற கால்கள் இனி நம் வகுப்பறைகளுக்கு வரா. ஆனால் மரத்தடி காலியாகவில்லை.

இந்த நிலை எப்படி வந்தது? பழைய நாளில் இதற்கு 'ட்ரில் வகுப்பு' என்று பெயர். ஒருவர் எண்ணுவார், அனைவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவர், குனிவர், நிமிர்வர். 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதற் கல்லூரி என்று அதனைக் கூறுவர். அங்கிருந்து பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், விதிமுறையோடு கூடிய ஆட்டங்களும் ஊர்ப் பள்ளிகளுக்குப் பரவின. ட்ரில்லின் குறை, எல்லா உடம்புக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தது. அதற்கு ஒரு பெருமையும் உண்டு: அதில் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்டங்கள் வந்தபோது மகிழ்ச்சி வந்தது; கூடவே மரத்தடியும் வந்தது.

பின்னர் கோப்பை வந்தது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிச் செல்லும் போட்டிகள். பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி. தலைமையாசிரியர் அறையின் கண்ணாடி அலமாரியில் எத்தனை கோப்பை என்பதே உடற்கல்வி ஆசிரியரை அளக்கும் படியாகிவிட்டது. அவரும் மனிதர்தாமே! அளக்கும் படியைப் பார்த்துத்தான் நெல்லைக் குவிப்பார். "திறமையுள்ளவனை வளர்ப்பது குற்றமா?" என்று கேட்பீர்கள். நான் கோப்பைக்குப் பகைவன் அல்லன். அணியின் பயிற்சியைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நேர அட்டவணையில் உள்ள பாடவேளை ஐம்பது பேருக்கும் பொது. அதைப் பத்துப் பேருக்குக் கொடுப்பது பங்கில் செய்யும் அநீதி.

மேலும், திறமை யாரிடம் இருக்கிறது என்பது மரத்தடியில் உட்காரவைத்தால் தெரிந்துவிடுமா? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில், ஐந்தாம் வயதில் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த சிறுவர் மாரியப்பன் தங்கவேலு. கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். பதினான்காம் வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். இதைப் படித்துவிட்டு, நம் பிள்ளையும் பதக்கம் வாங்குமா என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அவர் ஒரு பதக்கமும் பெறாமற் போயிருந்தாலும், அந்த ஆசிரியர் செய்தது சரியே.

உயரம் தாண்டுவதையே எடுத்துக்கொள்வோம். கயிற்றை இருபுறமும் ஒரே உயரத்தில் கட்டி, ஒவ்வொரு சுற்றிலும் உயர்த்துகிறோம். முதலில் தாண்ட முடியாதவன் முதலில் வெளியேறுகிறான். எவனுக்குப் பயிற்சி மிகத் தேவையோ அவனுக்கே மிகக் குறைந்த பயிற்சி. தேவையே இல்லாதவன் கடைசிவரை தாண்டிக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் உடற்கல்வி போதித்த மஸ்கா மாஸ்டன் என்பார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சாய்கயிறு இதற்கு விடை. 1966-இல் அவர் எழுதிய போதனைமுறை நூல் இத்துறையில் புகழ் பெற்றது. கயிற்றின் ஒரு முனையை மார்பளவிலும் மறுமுனையைத் தரையோரத்திலும் கட்டிச் சாய்த்துவிட வேண்டியதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு இயன்ற இடத்தைத் தானே தேர்ந்து தாண்டும். நேற்று முழங்கால் உயரத்தில் தாண்டியவள் இன்று ஒரு சாண் தள்ளி நிற்பாள். எவரும் வெளியேறுவதில்லை. கயிற்றுக்கா பஞ்சம், நம் கரையில்?

வலைக்கும் பஞ்சமில்லை. அமர்ந்தாடும் கைப்பந்து என்று ஓர் ஆட்டம் 1980 முதல் பாராலிம்பிக்கில் நடைபெறுகிறது. வலை ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். ஆடுவோர் அனைவரும் தரையில் அமர்ந்தே ஆட வேண்டும். கிழிந்த மீன்வலை ஒன்றை இரண்டு கம்புகளில் தாழக் கட்டி, வகுப்பு முழுவதையும் மணலில் உட்காரவைத்துப் பாருங்கள். கால் வலுத்தவனுக்கும் வலுவற்றவனுக்கும் இடையே இருந்த தூரம் அந்த நிமிடமே பாதியாகிவிடும். கிளித்தட்டை எண்ணுங்கள். கோட்டைக் காப்பவன் கோட்டின்மேல் பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். வேகமாக ஓட இயலாத கனத்த பிள்ளைக்கு அது ஏற்ற இடம். ஒல்லிப் பிள்ளை நழுவி ஓடட்டும். பார்வை குன்றியவர்க்குப் பந்தினுள் நாலு சலங்கை. சடுகுடுவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: எடையும் வயதும் ஒத்தவர்களையே மோதவிட வேண்டும். எல்லாரையும் சேர்ப்பது என்றால் எல்லாரையும் ஒரே குவியலில் தள்ளுவது என்று பொருள் கொண்டு, சின்னவன் கையை ஒடித்துக்கொண்டு வந்து என்மேல் பழி போடாதீர்கள்.

உடலாற்றல் ஒன்றே என்று எண்ணுவதும் பிழை. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். மூச்சடக்குவதில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு நிகராக நிற்க நூறு மீட்டர் ஓட்டக்காரரால் இயலுமா? ஓட்டத்தில் பின்தங்கிய அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக 'சுமார்' என்று எழுதும் பேனாவை என்னவென்பது!

"வயது வேறு, திறன் வேறு, ஓராசிரியர் என்ன செய்வார்?" என்பது அடுத்த வினா. நியாயமான வினாவே. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென ஆசிரியர் பணியிடம் இல்லை. வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ள வேண்டும். 2012-இல் தமிழக அரசு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் உடற்கல்விக்கு உரியோரும் உண்டு. அவர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். அரசை நோக்கிய என் வழக்கு இது. அதைத் தள்ளுபடி செய்ய மாட்டேன். ஆனால் ஆள் போதாமையே காரணம் என்பதை ஏற்கவும் மாட்டேன். 2007-ஆம் கல்வியாண்டு முதல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றலில், ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் ஓர் அறையில் கலந்தமர்ந்து, அவரவர் ஏணியில் அவரவர் படியில் ஏறினார்கள். எழுத்துக்கு ஏணி தந்த நாம் ஓட்டத்துக்கு ஏன் தரவில்லை? வயது கலந்திருப்பது அங்கே சுமையாகத் தோன்றவில்லையே! நான்காம் வகுப்பு லாத்தா, ஒன்றாம் வகுப்புத் தங்கைக்குக் கயிறு சுழற்றக் கற்றுக்கொடுத்தால் இருவருமே கற்கிறார்கள். இராமேசுவரத்தில் அப்துல் கலாமுக்குப் பாடம் சொன்ன சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதம் கரும்பலகையில் விளங்கவில்லை என்றதும், வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் சென்றாராம். விளங்காதவர்களை வெளியே அனுப்பவில்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளையின் விளையாட்டு வேளையைக் கணக்காசிரியர் எடுத்துக்கொண்டால், "நல்ல வாத்தியார்" என்று மெச்சுபவர்கள் நாமே. ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாள்தோறும் சராசரி அறுபது நிமிடமாவது உடல் இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. உடற்குறையுள்ள பிள்ளைகளையும் சேர்த்தே கூறியது. வயது வந்த பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆடை பற்றிய கவலை நியாயமானால், தளர்ந்த ஆடையும் மறைப்புள்ள திடலும் பெண் ஆசிரியரும் கேளுங்கள். வகுப்பே வேண்டாம் என்று சீட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்.

கால் ஊனமுற்ற பிள்ளையைக் கண்ணேறு படும் என்று ஒளித்து வைக்கும் வாப்பாக்களுக்கு ஒன்று கேட்கிறேன். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம். அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். பின்னால் முதியோரும் நலிந்தோரும் இருப்பதை எண்ணி இமாம் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஒப்புக்குச் சப்பாணி என்று எவரேனும் சொல்வதுண்டா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பையும் தர வேண்டும் என்று பதினாறாம் பிரிவில் பள்ளிகளைப் பணிக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களாகிய நமக்கு இருக்கையும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கோப்பைகளின் எண்ணிக்கை வாசிக்கப்படும்போது, சபையிலிருந்து ஒரு உம்மாவாவது எழுந்து கேட்கட்டும்: "சென்ற வாரம் எத்தனை பிள்ளைகள் மரத்தடியில் இருந்தார்கள்?"