டி.சி. கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

என் மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் கூல் லிப் புகையிலைப் பொட்டலம் இருந்ததைக் கண்டுபிடித்தது உங்கள் பள்ளிதான். அதற்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்பதற்கு முன்பே டி.சி.யை எழுதிவிட்டீர்கள். "இவனை வச்சிருந்தா மத்த பிள்ளைங்களும் கெட்டுப்போயிடுவாங்கம்மா" என்றீர்கள். அன்று எனக்கு நா எழவில்லை. மற்ற பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

அவன் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போனான். மதிப்பெண் சரிந்தது. டிபன் பாக்ஸ் திறக்காமலே வீடு திரும்பியது. ராத்திரியெல்லாம் விழித்தே கிடந்தான். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் அவனைத் தனியே உட்கார வைத்துப் பேசிய பிறகே விஷயம் தெரிந்தது. மனச்சோர்வு முதலில் வந்திருக்கிறது, பொட்டலம் பிறகுதான் வந்திருக்கிறது. உதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டால் மனசு லேசாகும் என்று கூட்டாளி ஒருவன் சொன்னானாம். நிகோடின் அப்படித்தான் ஆளைப் பிடிக்கிறது. கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். இறங்கியதும் எரிச்சலும் பதற்றமும் கூடும். கை அடுத்த பொட்டலத்தைத் தேடும்.

ஐயா, சட்டம் யாரைக் குற்றவாளி என்கிறது? 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு எங்குமே விற்கக் கூடாது. சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு. கஞ்சாவுக்கு அவ்வளவு கடுமை காட்டும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம்கூட, போதைக்கு அடிமையாகிச் சிறிய அளவோடு பிடிபட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சட்டமே இறங்கி வருகிற இடத்தில் பள்ளிக்கூடம் ஏன் இறங்கி வரவில்லை? விற்ற பெட்டிக்கடை இன்றும் உங்கள் காம்பவுண்டுக்கு எதிரே திறந்தே இருக்கிறது.

என் மகன் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டான், சிகிச்சையும் நடக்கிறது. உங்கள் வகுப்பறைகளில் இருக்கிற மற்ற பிள்ளைகளை நினைத்துத்தான் இப்போது கவலைப்படுகிறேன். மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பருவம். இவனுக்கு டி.சி. கொடுத்ததைப் பார்த்த பிறகு, "சார், எனக்குத் தூக்கமே வரல, பயமா இருக்கு" என்று எந்தப் பிள்ளை உங்களிடம் வந்து நிற்கும்? மாட்டிக்கொள்ளாமல் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை கிடையாது என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லார் முன்பும் அறிவியுங்கள். பிடிபடும் பிள்ளையை முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, போதை மீட்புக்கான 14446 மூன்றையும் தகவல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள். எதிர்க்கடையைப் பற்றிக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. மனசு சரியில்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கண்ணுகளா. அம்மாவிடம், அத்தையிடம், பிடித்த டீச்சரிடம், யாரிடமாவது சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள், இன்னொருவரிடம் சொல்லுங்கள். யாருமே கிடைக்காவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவனின் தாய்