கரும்புத் துரைமாரும் ஹவாய் அரசியும்

அரசியொருத்தியின் வீழ்ச்சிக்காக முற்போக்காளர் ஏன் வருந்தவேண்டும் என்று நம்மிற் சிலர் கேட்கின்றனர். முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்வது வரலாற்றின் நியதியன்றோ என்பது அவர்களது வாதம். ஹவாய்த் தீவுகளில் 1893ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் நிகழ்ந்ததையும் இந்த வாய்பாட்டுக்குள்ளேயே அடக்கிவிட அவர்கள் முனைகின்றனர். பெயர்ப்பலகையைப் பார்த்துப் பண்டத்தை எடைபோடும் இப்போக்கை நாம் ஏற்பதற்கில்லை. அன்று அரசி லிலியுஒகலானியை அரியணையிலிருந்து இறக்கியவர் எவர்? எதற்காக இறக்கினர்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணாது 'குடியாட்சி' என்ற சொல்லை உச்சரிப்பதே பிழை.

கதை நிலத்திலிருந்து தொடங்குகிறது. 1848இல் ஹவாயின் நிலங்கள் மன்னனுக்கும் குலத்தலைவர்களுக்குமிடையே பங்கிடப்பட்டன. 1850இல் அந்நியரும் நிலம் வாங்கலாமென்று சட்டம் வந்தது. வேதம் போதிக்க வந்த பாதிரிமாரின் மக்களும் பேரரும் தோட்டத் துரைமாராயினர். 1876இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி ஹவாய்ச் சீனி தீர்வையின்றி அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. கரும்பு பெருகிற்று, அதனை வெட்டச் சீனரும் யப்பானியரும் போத்துக்கேயரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர்.

செல்வம் கைக்கு வந்தபின் அதிகாரமும் வேண்டுமல்லவா? 1887இல், அரசியின் தமையனான மன்னன் கலாகவுவை ஆயுதபாணிகளைக் கொண்டு மிரட்டி, புதிய யாப்பொன்றிற் கையொப்பமிடச் செய்தனர். மக்கள் அதற்கு இட்ட பெயர் 'துப்பாக்கிமுனை யாப்பு'. மேற்சபைக்கு வாக்களிக்க 3000 டொலர் சொத்தாவது ஆண்டுக்கு 600 டொலர் வருமானமாவது இருக்கவேண்டும் என்றது அது. சுதேசிகளிற் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். ஆசியத் தொழிலாளருக்கு வாக்கே இல்லை. ஹவாய்க் குடிகளாகாத வெள்ளையருக்கோ வாக்குரிமை வழங்கப்பட்டது. சொந்த மண்ணிற் சுதேசி அந்நியனானான், அந்நியன் குடிமகனானான்.

1890இல் அமெரிக்கா எல்லா நாட்டுச் சீனிக்கும் தீர்வையை நீக்கித் தன் நாட்டு உற்பத்தியாளருக்கு மட்டும் இறாத்தலுக்கு இரண்டு சதம் மானியம் கொடுத்தது. துரைமாரின் இலாபம் சரிந்தது. அமெரிக்காவோடு இணைந்துவிட்டால் மானியம் தமக்கும் கிட்டும் என்று பலர் கணக்கிட்டனர். 'சீனி அரசன்' எனப்பட்ட குளோஸ் ஸ்பிறெக்கல்ஸ் போன்றோர் இணைப்பை எதிர்த்ததும் உண்மையே. அமெரிக்கச் சட்டம் வந்தால் ஒப்பந்தக் கூலிமுறை போய்விடுமென்ற அச்சமே அவ்வெதிர்ப்புக்குக் காரணம். இரு சாராரும் பார்த்தது கணக்கேட்டைத்தான்.

1891 ஜனவரியில் அரியணையேறிய லிலியுஒகலானி, மக்கள் விடுத்த மனுக்களை ஏற்று, 1893 ஜனவரி 14ஆம் நாள் புதிய யாப்பொன்றைப் பிரகடனஞ் செய்ய முயன்றார். அந்த யாப்பு அரியணைக்கு இழந்த அதிகாரத்தை மீட்டுக்கொடுத்தது என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. அது பொதுவுடைமைச் சாசனமன்று. ஆனால் நாட்டின் குடிகளல்லாதோர் நாட்டை ஆள்வதை அது தடுத்தது. துரைமாரைக் கலங்கச் செய்தது அதுவே.

பதின்மூவர் கூடித் தமக்குப் 'பாதுகாப்புக் குழு' என்று பெயர் சூட்டிக்கொண்டனர். முன்னின்றவர் பாதிரியின் பேரனான லொறின் தேர்ஸ்டன். பின் தலைமையேற்றவர் பாதிரியின் மகனான சான்போர்ட் டோல். அமெரிக்கத் தூதர் ஜோன் ஸ்டீவன்ஸின் ஆணைப்படி 16ஆம் நாள் 'பொஸ்டன்' போர்க்கப்பலிலிருந்து 160க்கு மேற்பட்ட படையினர் ஹொனொலுலுவில் இறங்கினர். அமெரிக்கரின் உயிரையும் உடைமையையும் காக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட அப்படை பாசறை அமைத்ததோ அரசாங்க மாளிகையின் அருகில், அரண்மனைக்கு எதிரே! குருதி சிந்தலாகாதென்று கருதிய அரசி, அமெரிக்காவின் மேலான படைவலிமைக்கே தாம் பணிவதாக எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். பதின்மூவரிடம் அவர் அதிகாரத்தைக் கையளிக்கவில்லை.

அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லன்டே விசாரணை நடத்தி, இது கொங்கிரஸின் அனுமதியின்றி நிகழ்ந்த போர்ச் செயலென்று 1893 டிசம்பரில் அறிவித்தார். அரசியை மீண்டும் அமர்த்துமாறு டோலைக் கேட்டார். டோலின் விடை என்ன? ஹவாயின் உள்நாட்டு விவகாரத்திலே தலையிட அமெரிக்காவுக்கு உரிமை இல்லையாம்! அமெரிக்கத் துப்பாக்கியின் நிழலிற் பிறந்த அரசாங்கம் சொன்ன விடை இது. கிளீவ்லன்ட் பொறுப்பைக் கொங்கிரஸிடம் தள்ளிவிட்டு ஓய்ந்தார்.

இனி அந்தக் குடியரசின் இலட்சணத்தைப் பார்ப்போம். 1894இல் யாப்பு வரையக் கூடிய 37 பேரில் 19 பேர் ஆட்சியாளர்கள், தம்மைத் தாமே அமர்த்திக்கொண்டவர்கள். 18 பேர் மட்டுமே தெரிவானவர்கள். அவர்களைத் தெரிவதற்கும் முடியாட்சியை மீட்கோமென்று முதலிற் சத்தியஞ் செய்யவேண்டும். மக்களிடம் இத்துணை அஞ்சிய குடியரசை நண்பர்கள் எந்த ஏட்டில் வாழ்த்தப் போகிறார்கள்?

1895இல் ஆதரவாளரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அரசி தம் சொந்த அரியணை மண்டபத்திலேயே இராணுவ மன்றின்முன் நிறுத்தப்பட்டார். ஐந்தாண்டுக் கடூழியச் சிறை, 5000 டொலர் தண்டம் என்று தீர்ப்பாயிற்று. கடூழியம் நிறைவேற்றப்படவில்லை, ஏறத்தாழ எட்டு மாதங்கள் இயொலானி அரண்மனையின் மேல்மாடி அறையொன்றில் அடைபட்டிருந்தார். அங்கேயும் பாட்டெழுதினார். உல்லாசப் பயணிகள் இன்றும் முணுமுணுக்கும் 'அலோஹா ஓஎ' பாடல் அதற்கு முன்னரே அவர் இயற்றியது. பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவரை மறப்பது ஏகாதிபத்தியத்தின் ரசனை.

மக்கள் மௌனமாயிருக்கவில்லை. 1897இல் இணைப்பை எதிர்த்து 21,000க்கு மேற்பட்டோர் மனுவிற் கையொப்பமிட்டனர். சுதேசிகளின் முழுத்தொகையே 40,000க்குட்பட்டது. இணைப்பு உடன்படிக்கைக்குச் செனற் சபையில் மூன்றிலிரண்டு வாக்குக் கிட்டவில்லை. ஸ்பானியப் போர் மூண்டதும், சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானமொன்றால் 1898 ஜூலை 7ஆம் நாள் ஹவாய் விழுங்கப்பட்டது. அரச நிலமும் அரசாங்க நிலமுமாகச் சுமார் 18 இலட்சம் ஏக்கர் கைமாறிற்று. தம் நிலத்துக்கு இழப்பீடு கேட்ட அரசியின் வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 1910இல் தள்ளிற்று. 1917 நவம்பரில் அவர் காலமானார்.

நூறாண்டு கழித்து, 1993இல், அமெரிக்கக் கொங்கிரஸ் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2009இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்மானத்துக்குப் பொருள் கூறிற்று: அந்நிலங்கள்மீது ஹவாய் மாநில அரசுக்குள்ள உரித்தை அந்த மன்னிப்பு எவ்வகையிலும் மாற்றவில்லை, அவற்றை விற்பதையும் தடுக்கவில்லை.