எஞ்சின் மாற்றிய பிக்கப்: கோளாறு இரும்பில் இல்லை, வயரில் இருக்கிறது

கொடுமுடி வட்டாரத்தில் எதை விளைவித்தாலும் அது தோட்டத்தை விட்டு வெளியே போவது பெரும்பாலும் பிக்கப் வண்டியில்தான். சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குத் தேங்காய்ப் பருப்பு, ஈரோட்டுக்கு மஞ்சள், ஏலத்துக்கு வாழைத்தார் என்று வாரம் முழுக்க ஓட்டம் இருக்கும். மஞ்சள் இரண்டு நாள் காத்திருக்கும். வெட்டிய வாழைத்தார் காத்திருக்காது.

அண்மையில் ஒரு பயிற்சிக் கூட்டம் முடிந்ததும் வாழை விவசாயி ஒருவர் என்னிடம் வந்தார். "ஏனுங்க சார், பயிரைப் பத்திக் கேக்கலைங்க, வண்டியைப் பத்திக் கேக்கறேன். எஞ்சின் மாத்தியாச்சுங்க. ஆனா லோடு ஏத்துனா இழுக்க மாட்டேங்குது, செக் லைட்டு அணையவே மாட்டேங்குது" என்றார். தண்ணீர் வற்றி எஞ்சின் சீஸ் ஆகிவிட, அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். இரண்டு பட்டறை பார்த்துவிட்டார். "இசியூ போயிருச்சு" என்று சொல்லி அதையும் மாற்ற வைத்திருக்கிறார்கள். அப்படியும் கோளாறு தீரவில்லை.

கடைசியில் கண்டுபிடித்த காரணங்கள் இரண்டு. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். புதிதாக வந்த எஞ்சினின் இன்ஜெக்டர் எண்களை இசியூவில் பதிவு செய்யவே இல்லை. மாற்றிய இசியூவுக்குக் கொடுத்த பணம் வீண்.

ஏன் இந்தச் சிக்கல் இப்போது அதிகம்?

முன்பெல்லாம் டீசல் எஞ்சின் என்றால் பம்ப், நாசில், பெல்ட். எஞ்சினை இறக்கி ஏற்றினால் வேலை முடிந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6, 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டம் என்று புகை விதிகள் இறுகியதும் நிலைமை மாறியது. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதை இசியூ என்ற சிறு கணினிதான் முடிவு செய்கிறது. சென்சார் சொல்வதை நம்பியே அது வேலை செய்கிறது. சொல்வது முரணாக இருந்தால், எஞ்சினைக் காப்பாற்ற சக்தியைக் குறைத்துவிடும். 'வண்டி இழுக்கவில்லை' என்பதற்குப் பாதி நேரம் இதுதான் பொருள்.

டிராக்டரும் இதே வழியில்தான் வருகிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி 1 முதல் புதிய புகை விதி நடைமுறைக்கு வந்தது. எனவே இன்று பிக்கப்பில் கற்றுக்கொள்வது நாளை டிராக்டருக்கும் உதவும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

விலை குறைந்ததிலிருந்து விலை கூடியதை நோக்கிப் போக வேண்டும். இசியூ கடைசியில்தான் வர வேண்டும்.

1. பேட்டரி. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போகக் கூடாது. ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இது சரியில்லாமல் மற்றதைச் சோதிப்பதில் பயனில்லை.

2. எர்த். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதுதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்க வேண்டும்.

3. பிழைக் குறியீடுகள். ஸ்கேனர் வைத்துப் படிக்க வேண்டும். அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது படம் எடுங்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0117 அல்லது பி0118 என்றால் கூலன்ட் வெப்ப சென்சார், பி0087 என்றால் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு, யு0100 என்றால் இசியூவுடன் தொடர்பு அறுந்துள்ளது. குறியீடு காட்டுவது கோளாறு உள்ள இடத்தை மட்டுமே. அங்கே கெட்டது சென்சாரா, வயரா, சாக்கெட்டா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

4. சாக்கெட்டும் வயரும். எஞ்சினை இறக்கும்போது வளைந்த பின், உடைந்த பூட்டு, சூடான குழாயில் உரசும் வயர், ஷெட்டில் நிற்கும்போது எலி கடித்த இடம் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். வண்டி ஓடும்போது வயர் கட்டை மெதுவாக அசைத்துப் பார்த்தால் விட்டுவிட்டு வரும் கோளாறு பல நேரம் சிக்கிவிடும்.

5. சென்சார் பொருத்தம். ஒரே மாடலாக இருந்தாலும் ஆண்டு மாறினால் சென்சார் மாறலாம். சாக்கெட் பொருந்திவிட்டது என்பதற்காக அளவும் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. கழற்றிய எஞ்சினின் சென்சாரையும் வந்த எஞ்சினின் சென்சாரையும் பாக எண் பார்த்து ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் வண்டியின் பழைய சென்சாரையே மாற்றிப் பொருத்திப் பாருங்கள்.

6. இன்ஜெக்டர் எண். பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீட்டு எண் அச்சிட்டிருக்கும். எஞ்சினோடு வேறு இன்ஜெக்டர் வந்திருந்தால், அந்த எண்களை சிலிண்டர் வரிசைப்படி இசியூவில் பதிய வேண்டும். பதியாவிட்டால் புகை, நடுக்கம், இழுவைக் குறைவு ஏற்படலாம்.

7. தொடர்பு வயர். யு வரிசைக் குறியீடுகள் வந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் சாக்கெட்டின் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் இரு வயர்களும் ஒட்டியிருக்கின்றன.

இவை எல்லாம் சரியாக இருந்த பிறகே இசியூவைச் சந்தேகப்பட வேண்டும். வேறு வண்டியின் இசியூவை மாட்டினால் சாவியின் இம்மொபிலைசர் ஒத்துப்போகாமல் வண்டி கிளம்பாமலே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்யவே கூடாதவை

பழைய பழக்கத்தில், ஓடும் எஞ்சினின் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1000 பாருக்கும் மேல் போகும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். கை போகும், உயிரும் போகலாம்.

வயரை உரசித் தீப்பொறி பார்ப்பது, 24 வோல்ட் லாரி பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்வது, பேட்டரியையும் இசியூ சாக்கெட்டையும் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது, எஞ்சின் அறையில் பிரஷர் பம்ப்பால் தண்ணீர் அடிப்பது ஆகிய நான்கும் நல்ல இசியூவைக் கெடுக்கும் வழிகள்.

சட்டமும் பழுதுநீக்கும் உரிமையும்

எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி 14 நாள்களுக்குள் பதிவுச் சான்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். சான்றில் ஒரு எண், எஞ்சினில் வேறு எண் என்றிருந்தால், விபத்து நேரத்தில் காப்பீடு கேட்கும்போதுதான் அதன் வலி தெரியும். வாங்கும் எஞ்சினுக்கு ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் கட்டாயம் வாங்குங்கள்.

மறுபக்கம், உள்ளூர் மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வயரிங் வரைபடமும் இன்ஜெக்டர் எண் பதியும் மென்பொருளும் அவர் கைக்கு எட்டுவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்து, உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் பண்ணைக் கருவிகளும் வாகனங்களும் இருந்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பண்ணை இயந்திரங்களுக்கான பழுதுநீக்கும் உரிமைச் சட்டம் 2024 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் வரும்வரை கஷ்டம் விவசாயிக்குத்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பொதுவில் ஒரு நல்ல ஸ்கேனர் வாங்கி, உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தால் பல உறுப்பினர்களின் வண்டிக்குப் பயன்படும். பவர் டில்லரைப் பொதுவில் வைத்திருப்பது போலத்தான் இதுவும்.

எஞ்சின் மாற்றும் முன்

பழைய எஞ்சினைக் கழற்றும் முன் ஒவ்வொரு சாக்கெட்டையும் எர்த் முனையையும் கைபேசியில் படம் எடுங்கள். வரும் எஞ்சினின் இன்ஜெக்டர் எண்களைப் பொருத்துவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். எண் பதிந்து தருவாரா என்று பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேலை முடிந்ததும் லோடு ஏற்றி ஓட்டிப் பார்த்து, ஸ்கேனரில் குறியீடு எதுவும் இல்லை என்று கண்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். தார் வெட்டும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.