இரும்பைச் செம்மண்ணும் இலங்கைக் கருவூலமும்

திண்டிவனத்தினின்று புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகி அமைந்த சிற்றூர் இரும்பை. ஞானசம்பந்தர் பாடிய மாகாளம் அவ்வூரில் உள்ளது. அவ்வூரைப் பற்றிப் பழங்கதை ஒன்றுண்டு. கடுவெளிச் சித்தர் என்பார், தம்மை எள்ளி நகைத்தமை பொறாது சினந்து பாட, கோயிலின் இலிங்கம் வெடித்துச் சிதறிற்று என்றும், அச்சினத்தால் சுற்றுப்புறம் முழுதும் பாழ்நிலமாயிற்று என்றும் கூறுவர். நிலம் பாழான உண்மைக் கரணியமோ வேறு. மரங்கள் வெட்டுண்டன, தடுப்பாரற்ற மழைநீர் மேல்மண்ணை வாரிக் கடலிற் சேர்த்தது, செம்மண் நிலம் பள்ளமும் பிளவுமாயிற்று. 1968-இல் அருகே ஆரோவில் தொடங்கப்பட்டபின், கரையெழுப்பி நீர் தேக்கி மரம் நட்டதனால் அந்நிலமே மீண்டும் பசுமை பெற்றது. சினமொழியால் வந்த கேடாயின், மண்வெட்டியால் நீங்கியிருக்குமோ?

நாடுகளின் பொருளியற் கேடும் இத்தகையதே. அதுவும் விதியால் வருவதன்று. மாந்தர் கையால் வருவது. அதற்கு இலங்கையினும் தெளிந்த சான்று அண்மைக் காலத்தில் வேறில்லை.

2022 ஏப்பிரல் 12 அன்று இலங்கை அரசு அயற்கடனைத் திருப்பித் தர இயலாதென்று அறிவித்தது. அற்றைநாளில் அதன் அயற்கடன் ஏறத்தாழ 5,100 கோடி அமெரிக்கத் தாலர். அடுத்த மாதத் தொடக்கத்தில் அந்நாட்டின் கையில் செலவிடற்குரியதாய் எஞ்சிய அயற்பணம் 5 கோடித் தாலரும் இல்லை. எரிநெய்க்கும் மருந்துக்கும் மக்கள் தெருவில் நின்றனர். செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டிற்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 69.8 பங்கு ஏறியிருந்தது. சூலை 9 அன்று குடியரசுத் தலைவரின் மாளிகையுள் மக்கள் புகுந்தனர். கோத்தபய இராசபக்ச நாட்டை விட்டோடினார்.

ஆளுவோர் இதற்குப் பெருந்தொற்றைக் கரணியம் காட்டினர். அதுவும் ஒரு கரணியமே. ஆயினும் 2019 இறுதியில் விற்பனைமேல் விதிக்கும் வரியை நூற்றுக்கு 15-இலிருந்து 8-ஆகக் குறைத்துக் கருவூலத்தை வற்றச் செய்தது பெருந்தொற்றா? 2021-இல் வேதியுர இறக்குமதியை ஒரேயடியாய்த் தடுத்து உழவரை வீழ்த்தியது பெருந்தொற்றா? உயர்வட்டிக்கு அயலாரிடம் கடன்முறி விற்றதும் அதுவோ?

இவற்றிற்கும் அடியில் பழைய பிழையொன்று உண்டு. தேயிலைத் தோட்டங்களில் உழைத்து அந்நாட்டிற்கு அயற்பணம் ஈட்டித் தந்தோர் மலையகத் தமிழர். விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964-இல் ஏற்பட்ட உடன்பாட்டால் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாயிற்று. அவர்தம் விருப்பத்தைக் கேட்பாரில்லை. 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியாயிற்று. 1983-இல் தமிழர்தம் கடைகளும் தொழிலகங்களும் எரியூட்டப்பட்டன. பின்னர் 2009 வரை நிகழ்ந்த போர் நாட்டின் செல்வத்தை உண்டது. ஈட்டுவோரைக் கணக்கினின்று நீக்கிய நாடு, கடனில் வாழக் கற்றது.

மற்றை அண்டை நாடுகளும் இதனையே உரைக்கின்றன. கிழக்கு வங்கத்தின் சணலால் வந்த அயற்பணத்தை மேற்கிற் செலவிட்டு, வங்கமொழியையும் ஒடுக்க முற்பட்ட பாக்கித்தான் 1971-இல் இரண்டாயிற்று. 2023 மே மாதத்தில் பாக்கித்தானில் விலையேற்றம் நூற்றுக்கு 38. அவ்வாண்டு சூலையில் 300 கோடித் தாலருக்காக அது பன்னாட்டுப் பண நிதியத்தின் வாயிலில் நின்றது. ஆடைத் தொழிலால் நிமிர்ந்த வங்கநாடும் அவ்வாண்டே அந்நிதியத்திடம் 470 கோடித் தாலர் கேட்டுப் பெற்றது. மொழியால் விடுதலை பெற்றதொன்றே கருவூலத்தை நிரப்பிவிடாது. கணக்கும் செவ்விதாதல் வேண்டும் என்பதற்கு அது சான்று.

இவற்றைக் கண்டு இந்தியா இறுமாப்புக் கொள்ள இடமில்லை. 1991-இல் ஏறத்தாழ 47 தொன் பொன்னை இங்கிலாந்து, சப்பான் நாடுகளின் நடுவண் வைப்பகங்களில் அடகு வைத்து மீண்ட நாடு இது. அவ்வளவு வீழ்ச்சிக்குப் பின்னும், தலைக்கணக்கிற் பார்த்தால் இலங்கையரின் ஆண்டு வருவாய் இந்தியர் வருவாயினும் மிகுதி. நாட்டின் பருமையைக் காட்டி மக்களின் வறுமையை மறைத்தல் கணக்காகாது.

இலங்கை துன்புற்றபோது தமிழ்நாடு கைகொட்டி நகைக்கவில்லை. 2022 மே 18 அன்று அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதற்கப்பல் சென்னையினின்று புறப்பட்டது; தமிழர், சிங்களர் என்ற வேறுபாடின்றி அனைவர்க்கும் அது சென்றது. பசித்தவனிடம் இனம் கேளாமை தமிழ்ப் பண்பு. ஆயினும் இரும்பைக்கு அணித்தே, கடற்கரைச் சாலையிலுள்ள கீழ்ப்புத்துப்பட்டில், அந்நாட்டினின்று துரத்தப்பட்ட ஈழத்தமிழ் ஏதிலியர் இன்னும் வாழ்கின்றனர் என்பதை மறத்தலாகாது. கொழும்பின் கணக்கேட்டில் எழுதப்படாத இழப்பு அவர்களே.

தமிழில் 'கடன்' என்னும் ஒரு சொல்லே வாங்கிய பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் குறிக்கின்றது. இரண்டாவதை மறந்த அரசு முதலாவதில் மூழ்கும். அரசு தன் கடமையில் வழுவாதிருக்க வரி தருவோர் கணக்கை அறிதல் வேண்டும். நடுவண் அரசின் வரவுசெலவு ஆவணங்களோ இந்தியிலும் ஆங்கிலத்திலுமே வெளிவருகின்றன. வானூர் வட்டத்து உழவன் தான் தந்த வரி எங்குச் சென்றதென்பதைத் தன் தாய்மொழியிற் படித்தறிய இயலாதது என்ன முறை? வரியைத் தமிழனிடம் பெறுவோர் கணக்கையும் தமிழில் காட்டுக! இதனைக் கேட்டுப் பெறுதல் தமிழர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடன். இரும்பை நிலத்தை மீட்டது மந்திரமன்று. மழைநீர் ஓடும் வழியறிந்து இட்ட கரையே.