தொட்டுப் பார்க்கச் சொன்ன கடைக்காரர்

பதினாறு வயதில் என் முதல் கிட்டாரை வாங்க அப்பாவோடு போனேன். கடையில் எங்களை வரவேற்றது 'தொடாதீர்கள்' என்ற பலகை. ஓவர்டைம் காசை எண்ணிக் கொடுத்த பிறகுதான் கிட்டார் அப்பாவின் கைக்கு வந்தது.

அதனால்தானோ என்னவோ, நான் கால் வைத்தே இராத ஒரு கடையின் முதலாளி எனக்குப் பிடித்துப்போனார். அவர் பெயர் ஸ்டான் ஜே. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 1971இல் நண்பரோடு சேர்ந்து 'மாண்டலின் பிரதர்ஸ்' கடையைத் தொடங்கியவர். பழைய கிட்டார், மாண்டலின், பாஞ்சோ இவைதான் சரக்கு. அங்கே மாண்டலின் வாங்கப் போன கதையைப் பாடகி ஜோனி மிட்செல் 1976இல் வந்த ஒரு பாடலிலேயே சொல்லியிருக்கிறார்.

பழைய கிட்டார்களின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். காரணம் உண்டு. மார்ட்டின் நிறுவனம் 1969 வரை டி-28 கிட்டாரின் முதுகையும் பக்கங்களையும் பிரேசில் ரோஸ்வுட் மரத்தில் செய்தது. அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992இல் தடை வந்தது. அத்தனை அரிய கருவிகளையும் ஸ்டான் ஜே பூட்டி வைக்கவில்லை. வருகிறவர்கள் எடுத்து வாசிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரவு நேரங்களில் அவருடைய இணையப் பட்டியலைப் படிப்பேன். வாங்க அல்ல, ரசிக்க. கீறல், விரிசல், பின்னாளில் மாற்றிய பாகம் எல்லாவற்றையும் மறைக்காமல், சிரிப்பு வரும்படி எழுதியிருப்பார்.

2014 செப்டம்பரில் நம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மறைந்தார். அடுத்த மாதமே ஸ்டான் ஜேயும் போய்விட்டார். வயது 71. சில ஆண்டுகளில் கடையும் மூடப்பட்டது.

என் அப்பாவும் இப்போது இல்லை. அவர் வாங்கித் தந்த கிட்டார் அலமாரிமேல் உறைக்குள் கிடந்தது. "தாத்தா வாங்கினது, தொடாதே" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் அதைச் சொல்லும்போது அந்தப் பழைய பலகை நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

இறக்கித் தூசி துடைத்து, துருப்பிடித்த கம்பிகளை மாற்றி அவள் மடியில் வைத்தேன். மூன்றாம் நாளே மேசையில் இடித்துவிட்டாள். பளிச்சென்று ஒரு கீறல்.

"சாரிப்பா" என்றாள்.

"பரவாயில்லை, வாசி" என்றேன். ஸ்டான் ஜே பார்த்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்திருப்பார்.