'நோ' என்னும் சிறு சொல்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் நம் கடற்கரையில் ஆங்கிலம் பிழைப்புக்குரிய மொழியாகிவிட்டது. துறைமுகத்துச் சரக்கு அலுவலகங்களிலும், திருவொற்றியூர், மணலித் தொழிற்சாலைகளிலும், அயல்நாட்டுக் கப்பல்களிலும் நம் பிள்ளைகள் பணிபுரிகின்றனர். 'எஸ் சார்' என்பது அவர்களுக்குத் தடையின்றி வருகிறது. மறுக்க வேண்டிய இடத்தில்தான் நா தடுமாறுகிறது.

காரணம் உண்டு. தமிழில் மறுப்புக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'வேண்டாம்' தேவையின்மையையும், 'மாட்டேன்' மனமின்மையையும், 'முடியாது' இயலாமையையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ 'நோ' என்னும் ஒரே சொல் இவற்றையெல்லாம் சுமக்கிறது. அதனோடு சேர்ந்து வரும் சொற்களே மரியாதையைக் காட்டுகின்றன. தேநீர் நீட்டுபவரிடம் 'வேண்டாம்' என்பதை அப்படியே பெயர்த்து, 'ஐ டோன்ட் வான்ட்' என்றால் வெடுக்கென்று ஒலிக்கும். 'நோ, தேங்க் யூ' என்பதே பொருந்தும். 'மாட்டேன்' என்னும் பொருளில் 'ஐ வோன்ட்' என்றால், எதிர்த்து நிற்பதாகக் கொள்வர். 'ஐ ஆம் சாரி, ஐ கேன்னாட்' என்று சொல்லிக் காரணத்தையும் சுருக்கமாகக் கூறினால் பணிவும் உண்டு, தெளிவும் உண்டு. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ கேன்னாட்' என்பதும் இவ்வகையதே. அதிலுள்ள அச்சம் வெறும் சொல்வழக்கு. வருத்தமே அதன் பொருள்.

'நோப்', 'நோ வே', 'நோ சான்ஸ்' ஆகியவை தோழர்களுக்குள் வழங்குபவை. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. பந்தாட அழைக்கும் நண்பனிடம் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்குபவன் நகைப்புக்கு ஆளாவான். ஆயினும் நேர்முகத் தேர்வில், 'இரவுப் பணிக்கு வருவீரா?' என்ற வினாவுக்கு 'நோ வே' என்று விடையளிப்பது, வினவியவரையே இகழ்வதாகும்.

இதற்கு நேர் எதிரான தீங்கும் ஒன்றுண்டு. 'பார்க்கலாம்' என்று சொல்லி மறுப்பது நம் வழக்கம். அதன் உட்பொருளை நம்மவர் முகக்குறிப்பால் அறிவர். அதையே 'லெட் அஸ் சீ' என்றோ, 'ஐ வில் ட்ரை' என்றோ ஆங்கிலத்தில் கூறினால், கேட்பவர் பாதி வாக்குறுதியாகக் கொண்டு காத்திருப்பார்.

கப்பலோட்டிகள் இந்த ஆபத்தை நன்கறிவர். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-இல் கப்பல்களுக்கென ஆங்கிலச் சொற்றொடர்த் தொகுப்பொன்றை ஏற்றுக்கொண்டது. அதில் மறுப்புக்கும் முறை வகுக்கப்பட்டுள்ளது. வினாவுக்கு எதிர்மறை விடையாயின், 'நோ' என்று தொடங்கி முழுத் தொடரையும் சொல்ல வேண்டும். அறிவுறுத்தலை ஏற்க இயலாதெனில், 'ஐ கேன்னாட்' அல்லது 'ஐ வில் நாட்' என்று கூறி, அந்த அறிவுறுத்தலையும் முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சுருக்க வடிவங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. ஒயர்லெஸ் இரைச்சலில் 'கேன்ட்' என்பது 'கேன்' என்று காதில் விழுந்தால் விளைவு என்னாகும்?

தரையிலும் அதே நிலைதான். நச்சுவாயு உண்டா என்று சோதிக்கப்படாத தொட்டிக்குள் இறங்குமாறு ஒருவர் பணிக்கும்போது, 'ஐ வில் ட்ரை சார்' என்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். 'நோ வே' என்றாலோ பேச்சு சண்டையாகிக் காரணம் மறைந்துபோகும். 'சார், ஐ கேன்னாட் கோ இன். தி டேங்க் ஹேஸ் நாட் பீன் டெஸ்டட்' என்று குரலை உயர்த்தாமல், தலையையும் குனியாமல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மலைப்பொழிவில் ஆண்டவர் நம்மிடம் கேட்டதும் நேர்மையான 'ஆம்', நேர்மையான 'இல்லை' என்பவற்றையே. பெற்றோரே, இதன் முதற்பள்ளி இல்லமே. வீட்டில் மரியாதையோடு மறுக்க இடம் பெறாத பிள்ளை, வெளியில் சீறும், அன்றேல் அடங்கிப்போகும். மகனோ மகளோ காரணம் கூறி மறுக்கும்போது, முதலில் செவிகொடுங்கள். வேலைக்குப் புறப்படும் பிள்ளைக்கு 'எஸ் சார்' என்பதோடு, 'சாரி சார், ஐ கேன்னாட்' என்பதையும் சொல்லிப் பழக்குங்கள்.